'நடை'யை இதழாகவே வாசிப்பது

தமிழில் வெளிவந்த கலை இலக்கியச் சிற்றிதழ்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தது எது என்று கேட்டால், நான் தயங்காமல் 'நடை' என்று சொல்வேன். அப்படி ஓர் இதழ் இப்போது வருகிறதா, எங்கே கிடைக்கும், ஆண்டுச் சந்தா எத்தனை வெள்ளி என்று உடனே கேட்பவர்களும் உண்டு. 1968இல் சேலத்திலிருந்து கோ. கிருஷ்ணசாமியை ஆசிரியராகக் கொண்டு வரத் தொடங்கிய அந்தக் காலாண்டிதழ், எட்டு இதழ்களோடு நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் தூணாக நின்றவர் கவிஞர் சி. மணி. நான் பிறப்பதற்கு முன்பே நின்றுபோன, நான் ஒருமுறைகூடக் கால் வைத்திராத ஊரிலிருந்து வந்த ஓர் இதழைக் கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு என் மனத்துக்கு நெருக்கமானது என்று சொல்வது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். எனக்கு அது இயல்பாகவே இருக்கிறது.

என்னிடம் இருப்பது மூல இதழ்கள் அல்ல, நகலின் நகல். செந்தூலில் வசிக்கும், எனக்கு அண்ணன் முறை வைத்துப் பழகும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், பல ஆண்டுகளுக்கு முன் சென்னைக்குப் போனபோது யாரிடமோ இரவல் வாங்கி எடுத்து வந்த பிரதியை, எனக்காக இன்னொரு முறை போட்டோஸ்டேட் கடையில் கொடுத்து நகலெடுத்துத் தந்தார். இரண்டு முறை இயந்திரத்துக்குள் போய் வந்ததில் பக்க ஓரங்களில் கருநிழல் படிந்திருக்கிறது. ஈய எழுத்துகளில் மை தடித்து விழுந்த இடங்களில் 'ன'வும் 'ள'வும் ஒன்றுபோலவே தெரியும். யாரோ ஒரு பழைய வாசகர் வரிகளுக்கு அடியில் இட்ட கோடுகளும், ஓரிடத்தில் பக்க ஓரத்தில் எழுதிய 'சரியா?' என்ற ஒற்றைக் கேள்வியும்கூட நகலாகி வந்திருக்கின்றன. அந்தக் கேள்வி எந்த வரியைப் பற்றியது என்பதை என்னால் இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை. கோடு இரண்டு வரிகளுக்கு நடுவில் ஓடுகிறது.

பிரதியைக் கையில் கொடுக்கும்போது அண்ணன் ஒரு நிபந்தனையும் விதித்தார். "தம்பி, இத புத்தகம் மாதிரி ஒரே மூச்சுல படிச்சிடாதீங்க. ஒரு இதழ எடுத்தா அட்டைலேர்ந்து அட்டை வரைக்கும் படிங்க. அடுத்தத மூணு மாசம் கழிச்சுத் தொடுங்க." காலாண்டிதழைக் காலாண்டிதழாகவே வாசிக்க வேண்டும் என்பது அவருடைய கட்சி. முதலில் எனக்கு இது வீம்பாகத் தோன்றியது. எல்லாம் கையில் இருக்கும்போது எதற்காகக் காத்திருக்க வேண்டும்? ஆனாலும் பெரியவர் சொல்லை மீற மனம் வராமல் அப்படியே வாசித்தேன். ஒரு சிற்றிதழை வாசிப்பதில் உள்ள தனி மகிழ்ச்சி எங்கே இருக்கிறது என்பது அப்படி வாசித்தபோதுதான் புலப்பட்டது.

ஞானக்கூத்தனை எடுத்துக்கொள்வோம். அவருடைய கவிதைகளை நாம் எல்லோரும் தொகுப்புகளில்தான் வாசித்திருக்கிறோம். முதல் தொகுதியான 'அன்று வேறு கிழமை' 1973இல் வெளிவந்தது. அதன் பிறகு பல தொகுதிகள், முழுத் தொகுப்புகள். தொகுப்பில் அவர் ஏற்கெனவே ஞானக்கூத்தன். அட்டையில் பெயர், பின்னட்டையில் படம், முன்னுரையில் அவரது இடம் என்ன என்பதற்கான தீர்ப்பு எல்லாம் நமக்கு முன்பே அங்கே போய் உட்கார்ந்துகொள்கின்றன. கவிதையை வாசிக்கும் முன்பே மரியாதை வந்துவிடுகிறது. 1968ஆம் ஆண்டின் 'நடை'யில் அவருடைய 'பிரச்னை' அச்சானபோது இவற்றில் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கத்தில் அவர் யாரோ ஒருவர். பின்னால் பெரும் பெயர் எடுத்தவருக்கும் அதன்பிறகு எழுதாமலே போய்விட்டவருக்கும் ஒரே அளவு எழுத்து, ஒரே தாள், ஒரே இடைவெளி. இதழின் ஆசிரியருக்கும் நாளை யார் நிற்பார் என்பது தெரியாது, தெரியாமலே தேர்ந்தெடுத்திருக்கிறார். வாசகனும் அதே இருட்டில்தான் பக்கத்தைப் புரட்டுகிறான். அந்த இருட்டில் ஒரு கவிதை தன் பலத்தால் மட்டும் எழுந்து நிற்பதைப் பார்க்கும் சுகத்தைத் தொகுப்பு நூல் ஒருபோதும் தராது. எனக்கு விளைவு தெரியும்தான். அரை நூற்றாண்டு கழித்து வாசிப்பவன் நான். இருந்தாலும் மூன்று மாதம் இடைவெளி விட்டு அந்த வரிசையிலேயே வாசித்துப் போகும்போது, தெரிந்ததைத் தற்காலிகமாக மறந்துவிட முடிகிறது.

சி. மணியின் விளையாட்டு இதைவிடச் சுவையானது. அவர் ஆங்கில ஆசிரியர், சி.சு. செல்லப்பா 1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழில் எழுதி அறிமுகமானவர்; 1962இல் 'நரகம்' என்ற நீண்ட கவிதையை அங்கே வெளியிட்டு, நகரத்து வாழ்க்கையின் புழுக்கத்தைத் தமிழ்க் கவிதைக்குள் கொண்டுவந்தவர். அவர் ஒரே பெயரில் எழுதுபவர் அல்லர். கவிதைக்கு வே. மாலி, கட்டுரைக்குச் செல்வம் என்று அவருக்குப் பல பெயர்கள் உண்டு. 'ஓலூலூ' என்றுகூட ஒரு பெயர் வைத்துக்கொண்டார். இலக்கிய வரலாற்று நூலில் இது அடைப்புக்குறிக்குள் வரும் ஒரு தகவல். இதழை வாசிக்கும்போது இது ஒரு நாடகம். கவிஞர் ஒருவர் ஒரு பக்கத்தில் பேசுகிறார். சில பக்கங்கள் தள்ளி விமர்சகர் ஒருவர் வேறு குரலில் வேறு மாதிரி வாதிடுகிறார். இருவரும் ஒரே ஆள் என்பதை அன்றைய வாசகர்களில் எத்தனை பேர் கண்டுபிடித்திருப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டே வாசிப்பேன். எழுத ஆள் போதாமல் ஒருவரே பல பெயரில் பக்கங்களை நிரப்புவது சிற்றிதழ் உலகில் புதிதல்ல. சி. மணி அந்தக் கட்டாயத்தையே ஒரு கலையாக மாற்றியிருக்கிறார் என்பது என் எண்ணம். அவரிடம் முகமூடிகள் ஒவ்வொன்றுக்கும் தனித் தொனி இருக்கிறது. செல்வத்தின் வாக்கியங்கள் நேர்கோட்டில் போகும், எடுத்த பொருளை விட்டு விலகாது. மாலி அப்படி இல்லை.

அந்தச் செல்வம் எழுதிய 'யாப்பியல்' 'நடை'யின் இணைப்பாக வந்தது. எட்டு இதழ்களில் நான் அதிகம் திரும்பிப் போன பகுதி எதுவென்றால், ஆச்சரியமாக இருக்கும், இதுதான். தமிழ்க் கவிதையை யாப்பிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று நின்ற அணியின் முக்கியமான கவிஞர், அந்த யாப்பையே எடுத்துப் பிரித்துப் போட்டு விளக்குகிறார். எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்ற ஆறு உறுப்புகளையும் நான் பள்ளியில் மனப்பாடம் செய்தது தேர்வுக்காக. நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா என்று வாய்ப்பாடு ஒப்பித்து மதிப்பெண் வாங்கியதோடு அந்த உறவு முடிந்தது. ஒரு புதுக்கவிதைக்காரர் அதைக் கையிலெடுக்கும்போதுதான், வெண்பாவின் தளைக் கட்டு என்பது காதுக்காக ஏற்பட்ட ஏற்பாடு என்பதும், அதை விட்டு வெளியே வருகிறவன் எதை விட்டு வருகிறோம் என்று தெரிந்து வர வேண்டும் என்பதும் எனக்கு உறைத்தது.

மலேசியாவில் இந்த விஷயத்துக்குத் தனிக் கனம் உண்டு. 1964இல் சி. கமலநாதன் எழுதிய கவிதையையே இந்நாட்டின் முதல் புதுக்கவிதை என்று குறிப்பிடுவது வழக்கம். அதன் பிறகு மரபா புதுமையா என்ற சண்டை இங்கே நாளிதழ்ப் பக்கங்களிலும் மேடைகளிலும் வெகுகாலம் ஓய்ந்தபாடில்லை. மரபுக் கவிஞர்கள் புதுக்கவிதைக்காரர்களை யாப்புத் தெரியாதவர்கள் என்றார்கள்; இவர்கள் அவர்களைச் செத்த வடிவத்தைச் சுமப்பவர்கள் என்றார்கள். அந்த ஆண்டுகளில் இங்கே இருந்த யாராவது 'நடை'யின் அந்த இணைப்பை எடுத்து இரு தரப்புக்கும் நடுவில் வைத்திருந்தால் சண்டையின் தரமாவது உயர்ந்திருக்கும் என்று நான் அண்ணனிடம் ஒருமுறை சொன்னேன். "வச்சிருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து அத வச்சவன அடிச்சிருப்பாங்க" என்றார் அவர்.

வாசிக்கத் தொடங்கும்போது எனக்குக் கவிதைமீது மட்டும்தான் ஆர்வம். நாடகப் பிரதி என்றால் பக்கத்தைத் தள்ளிவிடுகிறவன் நான். அட்டை முதல் அட்டை வரை என்ற நிபந்தனையால்தான் ந. முத்துசாமியின் முதல் நாடகமான 'காலம் காலமாக' என் கண்ணில் பட்டது. அதுவும் 'நடை'யில் வந்ததுதான். சபா நாடகங்களின் நகைச்சுவை வசனமும் மேடைப்பேச்சின் அடுக்குமொழியுமே நாடகம் என்று இருந்த காலத்தில், சேலத்திலிருந்து வரும் ஒரு மெலிந்த இதழ், மேடையேற வாய்ப்பே தெரியாத ஒரு பிரதிக்கு இத்தனை பக்கங்களை ஒதுக்கியிருக்கிறது. அதை அச்சிட்டவர்களிடம் லாபக் கணக்கு இருந்திருக்க வழியில்லை. அதே முத்துசாமி பிறகு தெருக்கூத்தைப் பற்றி எழுதினார். 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். நடிகர்கள் பலர் அங்கே உருவானதும், தமிழ் நவீன நாடகத்தின் முகமே மாறியதும் பின்னாளைய கதை. அந்தக் கதையின் முதல் பக்கம் ஒரு சிற்றிதழில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாசிப்பது ஒரு வகை. தெரியாமல், அடுத்த கவிதைக்குப் போகும் வழியில் இடறிக்கொள்வது இன்னொரு வகை. எனக்கு வாய்த்தது இரண்டாவது வகை.

கவிதைக்காக வந்தவனை நாடகத்துக்குள் தள்ளிவிடுவதும், கதைக்காக வந்தவனை ஓவியத்தின் முன் நிறுத்துவதும் நல்ல கலை இதழின் குணம். அந்தக் காலத்துச் சிற்றிதழ்களின் பக்கங்களில்தான் கே.எம். ஆதிமூலத்தின் கோட்டோவியங்கள் எழுத்தாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. கதைக்கு விளக்கப்படமாக, கதாநாயகி சாய்ந்து நிற்பதை வரைந்து தருவதாக அவை இருக்கவில்லை; பக்கத்தில் தமக்கென ஓர் இடம் கேட்டன. வெகுசனப் பத்திரிகை ஓவியங்களைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு, நிழலும் வண்ணமும் இல்லாமல் நடுங்கும் கறுப்புக் கோட்டால் ஆன ஓர் உருவம் முதலில் முடிக்கப்படாததாகவே படும். பிறகு அந்தக் கோடு எங்கே அழுத்துகிறது, எங்கே விடுபடுகிறது என்று பார்க்கக் கண் தானாகப் பழகிக்கொள்கிறது.

இப்படிப் பழகிய கண்ணோடுதான் ஒரு சனிக்கிழமை, ஜாலான் துன் ரசாக் பக்கத்தில் இருக்கும் நம் தேசியக் கலைக்கூடத்துக்குப் போனேன். பாலாய் செனி நெகாரா என்று எல்லோரும் சொல்லும் அந்த நிறுவனம் 1958இல் தொடங்கியது. அங்கே என் நினைவுக்கு வந்தவர் சையது தாஜுதீன். மலேசிய ஓவிய உலகில் நன்கு அறியப்பட்ட அவர் 1943இல் தமிழகத்தின் அழகன்குளத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, அறுபதுகளின் இறுதியில் சென்னை அரசு கலைக் கல்லூரிக்குப் போய்ப் பயின்றவர். ஆதிமூலம் அதே கல்லூரியின் மாணவராக இருந்து சில ஆண்டுகளுக்கு முன்தான் வெளியேறியிருந்தார். சேலத்தில் 'நடை' அச்சேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், பினாங்கிலிருந்து போன ஓர் இளைஞர் சென்னையில் தூரிகை பிடித்துக்கொண்டிருந்தார். பின்னர் அவர் இராமாயணக் காட்சிகளைப் பெரிய திரைகளில் தீட்டினார். நீண்ட கண்களும் வளைந்த உடல்களுமாக அவர் வரையும் பெண்ணுருவங்களைப் பார்க்கிறவர்கள் அஜந்தாவை நினைப்பார்கள், நினைப்பதில் தவறில்லை. எனக்குச் சென்னையின் அந்தக் கல்லூரிக் கோடும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. இத்தனை இருந்தும் நம் இலக்கியக் கூட்டங்களில் அவர் பெயரை யாரும் எடுத்து நான் கேட்டதில்லை. எழுத்தாளர்கள் ஒரு பக்கமும் ஓவியர்கள் ஒரு பக்கமும் தனித்தனியே இருப்பதற்கு, இருவரையும் ஒரே அட்டைக்குள் உட்கார வைக்கும் தமிழ் இதழ் இங்கே நீண்டகாலம் இல்லாமல் போனதும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

நம் நாட்டுத் தமிழ் எழுத்து பெரும்பாலும் நாளிதழ்களின் ஞாயிறு பக்கங்களில் வளர்ந்தது. 1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 தொடக்கத்தில் மூடப்படும்வரை எத்தனையோ எழுத்தாளர்களுக்கு அதுவே முதல் மேடை. 1950 வாக்கில் அதே நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 'கதை வகுப்பு' நடத்திப் புதியவர்களுக்குச் சிறுகதை கற்றுத் தந்தார்கள். 1953 முதல் 1957 வரை கு. அழகிரிசாமி கோலாலம்பூரில் அதன் ஆசிரியராக இருந்து, உள்ளூர் எழுத்தாளர்களைக் கூட்டிவைத்து அவர்களின் கதைகளை முகத்துக்கு நேரே விமர்சித்தார். இந்தக் கடனை மறுப்பதற்கில்லை. ஆனால் நாளிதழின் ஞாயிறு பக்கம் எல்லோருக்குமானது. ஒரு வீட்டில் தாத்தாவும் பேத்தியும் படிக்க வேண்டும், விளம்பரதாரர் முகம் சுளிக்கக் கூடாது, கதை குறிப்பிட்ட கட்டத்துக்குள் அடங்க வேண்டும். சிற்றிதழுக்கு இந்த மூன்று கவலையும் கிடையாது. அதனால்தான் அதில் ஒரு கட்டுரை வெறுமனே நீளமாக இருக்கலாம், ஒரு கவிதை புரியாமல் இருக்கலாம், முந்தைய இதழில் எழுதியவரை அடுத்த இதழில் பெயர் சொல்லி மறுக்கலாம்.

'நடை'யில் எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. சில கட்டுரைகளின் உரைநடை உலர்ந்து கிடக்கும். ஆங்கிலத்தில் படித்ததைத் தமிழில் யோசிக்காமல் எழுதியது போன்ற பத்திகளும் உண்டு. சில கவிதைகளில் அலுப்பும் விரக்தியும் அந்தக் காலத்தின் சட்டையைப் போல, எல்லோரும் ஒன்றையே உடுத்தியிருப்பதாகத் தோன்றும். அவற்றையும் தாண்டாமல் வாசித்தேன். சலிப்பான கட்டுரைக்கு அடுத்த பக்கத்தில் ஒரு நல்ல கவிதை வரும்போது, அது தொகுப்பில் இருப்பதைவிடக் கூடுதல் வெளிச்சத்தோடு நிற்கிறது. அதற்கு அண்டை வீட்டுக்காரரும் ஒரு காரணம்.

எட்டோடு நின்றுவிட்டதே என்று வருந்துகிறவர்கள் இருக்கிறார்கள். 'எழுத்து' பதினோரு ஆண்டுகளுக்கும் மேல் தாக்குப்பிடித்து 119 இதழ்கள் கண்டது. அதற்காகச் செல்லப்பா பட்ட பாடும் போட்ட பணமும் நாம் அறிந்தவை. அந்த விடாப்பிடியின்மீது எனக்குப் பெருமதிப்பு உண்டு. இருப்பினும் 'நடை'யின் குறுகிய ஆயுள் எனக்குக் குறையாகப் படவில்லை. இதழ் வந்தாக வேண்டுமே என்பதற்காக இட்டு நிரப்பிய பக்கம் அதில் அதிகம் இல்லை. சொல்ல இருந்ததைச் சொல்லிவிட்டு, அதில் எழுதியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். ஞானக்கூத்தனும் முத்துசாமியும் 1970இல் தொடங்கிய 'கசடதபற' என்ற சிற்றிதழில் தொடர்ந்தார்கள். கைமாற்றிக் கொடுக்கும் வேலை சுத்தமாக நடந்திருக்கிறது.

இங்கே கோலாலம்பூரில் அதற்கு ஒப்பான முயற்சி வர 2006 ஆகிவிட்டது. 'காதல்' என்ற இதழ் சிறிது காலம் வந்து நின்றது. அடுத்து 2007இல் ம. நவீனை ஆசிரியராகக் கொண்டு 'வல்லினம்' அச்சில் வந்தது. 2009 முதல் அது இணைய இதழ். இணையத்துக்குப் போனதன் லாபத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்: அச்சிதழ் பிரிக்ஃபீல்ட்ஸ் கடைக்கு வந்து சேரும் முன்பே விற்பனைக் கவலை வந்து சேரும் நாட்டில், யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் அதே நாளில் ஒரு மலேசியக் கதையை வாசிக்க முடிகிறது. இழப்பு வேறு இடத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய இணைப்பைத் தட்டினால் ஒரு கட்டுரை மட்டும் திறக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது, எந்த வாதத்துக்கு அது பதில் என்று நாமாகத் தேடினால்தான் உண்டு. எனவே நான் இணைய இதழையும் அண்ணனின் நிபந்தனைப்படியே வாசிக்கிறேன். இதழின் உள்ளடக்கப் பக்கத்தைத் திறந்து, மேலிருந்து கீழாக, பிடித்த பெயரைத் தேடிப் போகாமல், ஒவ்வொன்றாக. நேரம் பிடிக்கும்தான். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு குவளை தே தாரிக்கோடு உட்கார்ந்தால் பாதி இதழாவது முடியும்.

அச்சில் வந்த அந்த முதல் ஆண்டுகளின் 'வல்லினம்' இதழ்களைத்தான் இப்போது சேர்த்துக்கொண்டிருக்கிறேன். நண்பர்களின் வீட்டு அலமாரிகளிலிருந்தும், ஜாலான் மஸ்ஜித் இந்தியா பக்கம் பழைய புத்தகம் போடும் ஒருவரிடமிருந்தும் சில கிடைத்தன. வரிசையில் இன்னும் இடைவெளிகள் இருக்கின்றன. உங்களில் யாரிடமாவது 2007, 2008ஆம் ஆண்டு இதழ்கள் இருந்தால் சொல்லுங்கள்; நானே வந்து வாங்கி, நகலெடுத்துக்கொண்டு, அட்டை கசங்காமல் அந்த வாரமே திருப்பித் தந்துவிடுகிறேன். ஓரங்களில் பென்சிலால் எதையாவது கிறுக்கி வைத்திருந்தால் அழிக்க வேண்டாம்.